வாசல் கூட்ட புளோயர் வாங்கப் போகிறவர்களுக்கு

தை அறுவடை முடிந்து மாசி பிறந்தால் எங்கள் பக்கத்தில் வேம்பும் புங்கையும் இலை கொட்ட ஆரம்பித்துவிடும். பங்குனி வரை ஓயாது. பூவரசு, மாமரம், நாட்டு வாதாம் எல்லாம் சேர்ந்துகொண்டால் காலையில் கூட்டிய வாசல் மத்தியானம் பார்க்கும்போது கூட்டாத வாசல் மாதிரி கிடக்கும். குனிந்து நிமிர்கிற அந்த வேலை பெரும்பாலும் அம்மா, அத்தை, அண்ணி தலையில்தான் விடிகிறது. அதனால் காற்றடித்துச் சருகைத் தள்ளுகிற புளோயர் மெஷின் வாங்குவதை ஆடம்பரம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வயலுக்கு நடவு மெஷினும் அறுவடை மெஷினும் வந்தபோது யாரும் அப்படிச் சொல்லவில்லை. கொல்லை கூட்டுகிறவர்களின் இடுப்புக்கு ஒரு மெஷின் வந்தால் மட்டும் அது ஏன் சோம்பேறித்தனம் ஆகிறது?

என் ஆதங்கம் வேறு. வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரியதாக இருக்கட்டும் என்று பெட்ரோல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதில் எதை ஊற்றுவது, எவ்வளவு ஊற்றுவது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஐப்பசி மழைக்குள் அது பரணுக்குப் போய்விடுகிறது, விளக்குமாறு பழையபடி அம்மா கைக்கு வந்துவிடுகிறது. டெல்டாவில் சாதாரண வீட்டு வாசலுக்குப் பெட்ரோல் புளோயர் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. தென்னந்தோப்போ பெரிய கொல்லையோ இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், ஆனால் எரிபொருளைப் பற்றித் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

முதலில் எதை வாங்குவது என்று பார்ப்போம். கடையில் சிசி, வாட்ஸ், காற்றின் வேகம் என்று அடுக்குவார்கள். நிமிடத்துக்கு எத்தனை கனமீட்டர் காற்று தள்ளும் என்று கேளுங்கள். வேகம் என்பது குழாய் முனையைக் குறுக்கினாலே கூடிவிடும். அது சுவர் இடுக்கில் ஒட்டிய இலையைப் பெயர்க்க உதவும். சருகைக் குவியலாகத் தள்ளிக்கொண்டு போவது காற்றின் அளவுதான். கம்ப்யூட்டர் தூசி தட்ட விற்கிறார்களே, 600, 700 வாட்ஸ் சின்ன புளோயர், அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 கனமீட்டர் தள்ளும். திண்ணைக்கும் சிமெண்ட் தரைக்கும் தாராளம். மண் வாசலில் ஒரு அங்குலத்துக்குச் சருகு படிந்திருந்தால் திணறும். கையில் பிடிக்கிற 27 சிசி பெட்ரோல் புளோயர் 12 கனமீட்டர் வரை தள்ளும். வித்தியாசம் அவ்வளவு.

இரண்டுக்கும் நடுவில் பேட்டரி புளோயர் இருக்கிறது. அதில் கணக்கு சுலபம். வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்கள். 20 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் என்றால் 80 வாட்-அவர். முழு வேகத்தில் 400 வாட்ஸ் இழுக்கிற மோட்டார் அதில் 12 நிமிடம் ஓடும். முன்வாசலும் கொல்லையில் பாதியும் முடியும், அதற்குமேல் இன்னொரு பேட்டரி வேண்டும். நாலைந்து மரம் உள்ள மனைக்கு 36 அல்லது 40 வோல்ட் பேட்டரி மெஷினைத்தான் நான் சொல்வேன். சத்தம் குறைவு, ஸ்டார்ட் கயிறு இழுக்க வேண்டியதில்லை, வீட்டுப் பெண்கள் யாரையும் எதிர்பார்க்காமல் எடுத்து வேலையைப் பார்க்கலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

வயர் மாட்டி ஓட்டுவதும் நல்லதுதான். 3000 வாட்ஸ் மெஷின் என்றால் 13 ஆம்பியர் இழுக்கும். பெரிய பிளக் வேண்டும், எக்ஸ்டென்ஷன் வயர் தடிமனாக இருக்க வேண்டும். டேபிள் ஃபேனுக்கு வாங்கிய வயரில் மாட்டினால் உருகிவிடும். ஈர வாசலில் வயர் புளோயரை எடுக்கவே கூடாது.

சரி, தோப்புக்காரர்களுக்கு வருகிறேன். பெட்ரோல் புளோயரில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக். பைக் மாதிரி எஞ்சின் ஆயிலுக்குத் தனி இடம் அதில் கிடையாது. பெட்ரோலில் கலந்து போகிற ஆயில்தான் பேரிங், பிஸ்டன், சிலிண்டர் எல்லாவற்றுக்கும் வழவழப்பு. வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த மெஷினுக்குச் செலவு செய்வதில் அர்த்தமில்லை.

எவ்வளவு கலப்பது என்பது மெஷினோடு வருகிற புத்தகத்தில் இருக்கும், டேங்க் மூடியிலும் சிலர் அச்சடித்திருப்பார்கள். 50:1 என்றால் 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில், அதாவது லிட்டருக்கு 20 மில்லி. 40:1 என்றால் 25 மில்லி. மலிவு மெஷின்கள் சிலவற்றில் 25:1 என்று இருக்கும், அதற்கு 40 மில்லி. டிவிஎஸ் 50 ஓட்டிய பெரியவர்கள் கண்ணளவில் ஊற்றிப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் இங்கே வேண்டாம். புளோயர் எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்றுக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்காக நிற்கிறது, அளவு குறைந்தால் தாங்காது. அதிகமாக ஊற்றினாலும் புகை கக்கும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும், சைலன்சர் அடைக்கும். மருந்துக்கடையில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். கேனில் பாதி பெட்ரோல், அதில் ஆயில், மூடி ஒரு குலுக்கு, அப்புறம் மீதிப் பெட்ரோல், இன்னொரு குலுக்கு. ஒவ்வொரு முறை டேங்கில் ஊற்றும் முன்னும் கேனைக் குலுக்குங்கள்.

ஆயில் விஷயத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஃபைபர் படகு எஞ்சினுக்கு வாங்கிய டூ ஸ்ட்ரோக் ஆயில் வீட்டிலேயே கிடக்கும். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருந்தால் அது தண்ணீரால் குளிர்கிற எஞ்சினுக்கானது. புளோயர் காற்றால் குளிர்கிற எஞ்சின், சூடு அதிகம். அதற்கு ஜாசோ (ஜப்பான் தரக்குறியீடு) எஃப்சி அல்லது எஃப்டி என்று போட்ட 2டி, அதாவது டூ ஸ்ட்ரோக் ஆயில் வேண்டும். பைக்குக்கு ஊற்றுகிற எஞ்சின் ஆயிலையும் கலக்காதீர்கள், அது எரிவதற்குச் செய்த ஆயில் இல்லை.

இப்போது பெட்ரோலைப் பற்றி. 2023-லிருந்து பெட்ரோல் பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வர ஆரம்பித்து, இன்று கிட்டத்தட்ட எங்கும் அதுதான். பல புளோயர்களின் புத்தகத்தில் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்று இருக்கிறது. வாங்கும்போதே இதைக் கடைக்காரரிடம் கேளுங்கள். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். கார்த்திகை மாதத்தில் நம் ஊர் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஓரளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். எஞ்சின் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. நீங்கள் சரியாகக் கலந்திருந்தும் எஞ்சினுக்கு ஆயில் போகாது.

ரிப்பேர் கடையில் இப்படிக் கிடந்த ஒரு மெஷினின் கார்புரேட்டரை, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற பாகத்தைப் பிரித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சல்லடை. அதன் கண்களை மஞ்சள் பிசின் மூடியிருந்தது. டயாஃப்ரம் என்கிற மெல்லிய தகடு வளையாமல் விறைத்துப்போயிருந்தது. டேங்குக்குள் போகிற ரப்பர் குழாயை மெக்கானிக் இரண்டு விரலால் நசுக்கினார், மாவு மாதிரி உதிர்ந்தது. வெளியே பெயிண்ட் கூட மங்காத மெஷின் அது.

தவிர்ப்பது சுலபம். அன்றைக்குத் தேவையான அளவு கலந்தால் போதும், அரை லிட்டர் பெரும்பாலும் தாராளம். கலந்ததை ஒரு மாதத்துக்குமேல் வைக்காதீர்கள். வேலை முடிந்து எடுத்துவைக்கும் முன் டேங்கை வடித்துவிட்டு, மெதுவான வேகத்தில் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்ற வேண்டாம். கேனை அடுப்படிப் பக்கமோ சாமி விளக்குப் பக்கமோ வைக்கவே வேண்டாம். பங்கில் பாட்டிலுக்கு ஊற்றித் தரமாட்டேன் என்றால் அவர்களோடு சண்டை போடாதீர்கள், மூடி இறுகிய நல்ல கேன் கொண்டுபோங்கள்.

பெட்ரோல் வேண்டாம் என்று நான் சொல்வதற்குப் புகையும் ஒரு காரணம். டூ ஸ்ட்ரோக்கில் ஊற்றியதில் ஒரு பங்கு எரியாமலே வெளியே போகிறது. அதைக் கையில் பிடித்து நடக்கிறவர் முகத்துக்குத்தான் முதலில் வரும். ஒரு மணி நேரம் பெட்ரோல் புளோயர் ஓடினால், கார் ஒன்று 1,100 மைல், அதாவது ஏறக்குறைய 1,770 கிலோமீட்டர் ஓடுகிற அளவுக்குப் புகைமூட்டம் உண்டாக்கும் மாசு வெளியேறுகிறது என்பது கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் கணக்கு. சத்தமும் காதருகே 90 டெசிபலைத் தாண்டும், காதடைப்பான் இல்லாமல் ஓட்டக் கூடாது. தோப்பில் ஓட்டினால் அந்தச் சத்தம் தோப்போடு போகும். தெருவில் வரிசையாக வீடு இருக்கிற இடத்தில் பக்கத்து வீட்டுத் தாத்தா கண் அயர்கிற நேரத்தில் அது நியாயமே இல்லை.

ஓட்டுகிற விதத்தில் ஒன்றே ஒன்று. நம் களிமண் வாசல் கோடையில் மாவாகப் பொடியும். முனையைத் தரையை ஒட்டிச் சாய்த்து, பாதி வேகத்தில், காற்று அடிக்கிற திசையிலேயே தள்ளுங்கள். நேராகக் குத்தினால் இலையைவிட மண்தான் அதிகம் பறக்கும், எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியெல்லாம் பாழ். குவித்த சருகைக் கொளுத்தாதீர்கள். தென்னம்பாத்தியில் மூடாக்காகப் போட்டால் சித்திரை வெயிலில் ஈரம் நிற்கும்.

கடைசியாக, இதைப் படிக்கிற விவசாயிகளிடம் ஒரு வேண்டுகோள். வயலுக்கு மருந்தடிக்கிற முதுகு புளோயரை, மருந்து டப்பாவைக் கழற்றிவிட்டு வாசல் ஊதப் பயன்படுத்துவதைச் சில வீடுகளில் பார்க்கிறேன். தண்ணீர் விட்டு அலசினாலும் குழாயின் மடிப்புகளில் மருந்து தங்கியிருக்கும். அந்தக் காற்றுதான் குழந்தைகள் தவழ்கிற திண்ணையிலும் நெல் காயப்போடுகிற களத்திலும் படுகிறது. வயல் மெஷின் வயலோடு இருக்கட்டும். வாசலுக்குத் தனி மெஷின் வாங்க இப்போது கையில் பணம் இல்லையென்றால், நீளக் கைப்பிடி போட்ட ஈர்க்கு விளக்குமாறு ஒன்று கட்டிக் கொடுங்கள். குனியாமல் கூட்டலாம்.