வராகமும் ஒரு மார்க்கும்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு முன்னறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். போன மாதம் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' பாடத்தில் சின்னதாக ஒரு டெஸ்ட் வைத்தேன். பரிணாமத்திற்கு இரண்டு சான்றுகள் எழுதுக, இரண்டு மதிப்பெண். ஒரு பையன் முதலாவதாக ஆர்க்கியாப்டெரிக்ஸ் எழுதியிருந்தான். இறகும் பல்லும் சேர்ந்திருந்த பறவை, சரி. இரண்டாவதாக எழுதியிருந்தது: 'தசாவதாரம். மீன், ஆமை, பன்றி, சிங்க மனிதன், குள்ளன், கோடாரி மனிதன் என்று வரிசையாக வந்தது.' பக்கத்தில் அழகாக மீன் படம் வேறு. மீனுக்கு நாமம் போட்டிருந்தான். ஒரு மார்க்தான் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம், பனி இறங்கி எதிர்வீடு தெரியாத நேரத்தில், அவன் தாத்தா வந்துவிட்டார். கையில் செல்போன். அதில் அந்த ஃபார்வர்டு. உங்களுக்கும் வந்திருக்கும்: மச்சம் நீர்வாழ் உயிர், கூர்மம் நிலநீர் உயிர், வராகம் பாலூட்டி, நரசிம்மம் பாதி மிருகம், வாமனன் ஆதி மனிதன், பரசுராமன் கற்கால மனிதன். டார்வின் நேற்று வந்தவர், நாம் என்றோ சொல்லிவிட்டோம் என்று முடியும்.

"பையன் தப்பா எதுவும் எழுதலையே டீச்சர்? வெள்ளைக்காரரே ஒத்துக்கிட்டாராம்" என்றார்.

பெரியவர் சொன்ன வெள்ளைக்காரர் ஹால்டேன். சாதாரண ஆளில்லை. பரிணாமக் கொள்கையையும் மரபியலையும் கணக்குப் போட்டு இணைத்தவர்களில் ஒருவர். 1957ல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964ல் புவனேஸ்வரத்தில் இறந்தார். தசாவதார வரிசை முதுகெலும்பிகளின் பரிணாமத்தைத் தோராயமாக நினைவூட்டுகிறது என்று அவர் சொன்னது உண்டு. நினைவூட்டுகிறது, அவ்வளவுதான். ஃபார்வர்டில் அது 'ஒப்புக்கொண்டார்' ஆகிவிட்டது.

அவருக்கு முன்பே சொன்னவர்களும் உண்டு. 1877ல் பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதினார், நம் அடையாறு பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவர். 1882ல் வங்காளத்தின் கேசவ சந்திர சென் ஒரு சொற்பொழிவில் இதையே பேசினார். இந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். டார்வினின் நூல் வந்தது 1859. மச்சாவதாரத்தை ஆழ்வார்கள் பாடினார்கள், உரைகாரர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவர்கள் கண்டது பெருமாளின் கருணையை. டார்வின் சொன்ன பிறகுதான் மீனில் பரிணாமம் தெரிய ஆரம்பித்தது. விடை புத்தகத்தைப் பார்த்துவிட்டு 'எனக்கு முதலிலேயே தெரியும் மிஸ்' என்று சொல்லும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். அதனால் எனக்கு இது கொஞ்சம் சீக்கிரம் பிடிபட்டது.

சரி, வரிசையாவது பொருந்துகிறதா? மீனை விட்டுவிடுகிறேன், அது நன்றாகவே பொருந்துகிறது. 2004ல் வட கனடாவில் டிக்டாலிக் என்ற மீனின் புதைபடிவம் கிடைத்தது. ஏறக்குறைய 37.5 கோடி ஆண்டு பழையது. செதில் உண்டு, துடுப்பு உண்டு, அந்தத் துடுப்புக்குள் மணிக்கட்டு மாதிரி எலும்பும் உண்டு. கழுத்தைத் திருப்பத் தெரிந்த மீன். நம் தோளும் கையும் அந்த வகையறாவிலிருந்து வந்தவை.

ஆமையில் வண்டி கவிழ்கிறது. ஆமை நிலநீர்வாழ் உயிர் இல்லை, ஊர்வன. தரையில் முட்டையிடும். கடலாமைகூட முட்டையிடக் கரைக்குத்தான் ஏறி வர வேண்டும். அதன் முன்னோர் நிலத்தில் வாழ்ந்தவை, இது திரும்பித் தண்ணீருக்குப் போனது. அந்த இடத்தில் நியாயமாக இருக்க வேண்டியது தவளை. தவளைக்கு அவதாரம் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

ஆனால் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தக் குறை இல்லை. 2003ல் இடுக்கிப் பக்கத்திலிருந்து ஒரு ஊதா நிறத் தவளையை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். உப்பிய உடம்பு, பன்றி மாதிரி கூரிய மூக்கு. வருஷம் முழுக்க மண்ணுக்கடியில் கிடந்து கரையான் தின்னும், மழைக்காலத் தொடக்கத்தில் சில நாள் மட்டும் இனப்பெருக்கத்துக்கு மேலே வரும். மலையாளிகள் அதற்கு மாவேலித் தவளை என்று பெயர் வைத்தார்கள். வாமனன் காலால் அழுத்திப் பாதாளத்துக்கு அனுப்பிய மாவேலி ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பது போல! அதன் நெருங்கிய சொந்தக்காரத் தவளைகள் இருப்பது செஷல்ஸ் தீவுகளில். இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்த காலத்துப் பங்காளிகள். புராணமும் உயிரியலும் சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் இப்படி உட்காரட்டும். ஒன்று பெயர் கொடுக்கட்டும், இன்னொன்று வம்சாவளி சொல்லட்டும். இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

வராகத்துக்கு வருவோம். பெரியவரிடம் நான் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான், அவருக்கு வந்த டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. பன்றி இரட்டைக் குளம்பி வகை. மாடு, மான், ஒட்டகம், நீர்யானை எல்லாம் அதே குடும்பம். இதே குடும்பத்தில் திமிங்கிலமும் சேரும் என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். பாகிஸ்தானில் கிடைத்து 2001ல் அறிவிக்கப்பட்ட பழைய திமிங்கிலங்களுக்குக் கால் இருந்தது. அந்தக் கணுக்காலில், இரட்டைக் குளம்பிகளுக்கு மட்டுமே உரிய, இரண்டு பக்கமும் கப்பி மாதிரி வழுவழுப்பான எலும்பு இருந்தது. அப்புறம் காஷ்மீர். ரங்கா ராவ் என்ற நம் நாட்டுப் புவியியலாளர் அங்கே சேகரித்த பாறைகள் அவர் இறந்த பிறகும் உடைக்கப்படாமல் கிடந்தன. அவற்றை ஆராய்ந்தபோது ஒரு சின்ன மண்டையோட்டின் காது எலும்பு திமிங்கிலத்தின் காது எலும்பைப் போலவே தடித்திருந்தது. 2007ல் அதைப் பற்றி எழுதினார்கள். இண்டோஹையஸ் என்று பெயர், 'இந்தியப் பன்றி' என்று பொருள். பூனை அளவுதான் இருக்கும், 4.8 கோடி ஆண்டு பழையது.

வராகம் தண்ணீருக்குள் இறங்கிப் பூமியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. அதன் பங்காளி தண்ணீருக்குள் இறங்கியது, மேலே வரவே இல்லை. பெரியவர் இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். "இது ஃபார்வர்டுல இல்லைங்களே!"

நரசிம்மத்தையும் வாமனனையும் சுருக்கமாகத் தாண்டிவிடுகிறேன். சிங்கம் நமக்கு முன்னோர் கிடையாது. மனிதனும் இல்லை மிருகமும் இல்லை, பகலும் இல்லை இரவும் இல்லை என்று இரணியனின் வரத்தில் ஓட்டை கண்டுபிடித்த கதை அது. அந்த வக்கீல் மூளையை ரசிக்காமல் எலும்புக்கூடு தேடுவது பாவம். வாமனனுக்கு இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் கிடைத்த மூன்றடிக் குள்ள மனிதரைக் காட்டுவார்கள். அவர்கள் மூன்றடியிலேயே இருந்து மறைந்துபோனவர்கள். உலகளந்தது எங்கே, அது எங்கே.

பரசுராமர் விஷயம் வேறு. 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற வெள்ளைக்காரப் புவியியலாளர் பல்லாவரத்தில் ஒரு கற்கோடாரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும். அத்திரம்பாக்கத்துக் கோடாரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011ல் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு நிறுவியது. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தடயமே சுமார் 3 லட்சம் ஆண்டுதான். ஆக, கோடாரி நம்மைவிட மூத்தது. மனிதனுக்கு முன்னால் கோடாரிக்காரர் என்ற வரிசை இங்கே தற்செயலாக நன்றாகவே விழுந்திருக்கிறது.

இன்னொரு இடம். சீதையை மணந்து திரும்பும் இராமன் முன்னால் பரசுராமர் வில்லோடு வந்து நிற்கிறாரே, ஆறாவது அவதாரமும் ஏழாவதும் நேருக்கு நேர்! அதோடு போகாமல் மகாபாரதத்தில் கர்ணனுக்கும் வித்தை சொல்லிக்கொடுக்கிறார். எட்டாவதும் ஒன்பதாவதும் அண்ணன் தம்பி. ஃபார்வர்டு எழுதுகிறவர்களுக்கு இது சங்கடம், ஒன்று போய் ஒன்று வர வேண்டுமே. எனக்கோ தசாவதாரத்தில் பரிணாமத்துக்கு மிக நெருக்கமான இடம் இதுதான் என்று தோன்றுகிறது. நியாண்டர்தால்கள் என்ற இன்னொரு மனிதக் கூட்டம் மறைந்த பிறகு நாம் வரவில்லை. இரு கூட்டமும் ஒரே காலத்தில் வாழ்ந்தன, கலந்தன. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள மக்களின் மரபணுவில் 1 முதல் 2 சதவீதம் அவர்களுடையது. பழைய எலும்புகளிலிருந்து மரபணுவைப் படிக்கும் துறையை உருவாக்கிய ஸ்வாந்தே பேபோவுக்கு 2022ல் நோபல் கொடுத்தார்கள்.

பெரியவர் கடைசி அஸ்திரமாக எண்ணை எடுத்தார். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது சுமார் 454 கோடி. கிட்டத்தட்டச் சரிதானே? அந்த 432 வந்த வழியைப் பார்க்க வேண்டும். 12,000 தேவ ஆண்டு, அதை 360ஆல் பெருக்கி, பிறகு 1,000ஆல் பெருக்கினால் 432 கோடி. அழகான பெருக்கல். 1956ல் கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி பூமியின் வயதைக் கண்டது விண்கற்களில் இருந்த ஈயத்தை அளந்து. கணக்குப் போட்டுக் கிடைத்த எண்ணும் கல்லை அளந்து கிடைத்த எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் சொந்தமாகிவிடாது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் உலகத்துக்கு ஆறாயிரம் ஆண்டு என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே கோடிக்கணக்கில் நினைத்துப் பார்க்கப் பயப்படவில்லை. பெரிய காலத்தைக் கண்டு மிரளாத மனசு. அது நிஜமான பெருமை, அதற்கு டார்வினின் கையெழுத்து தேவையில்லை.

எனக்கு உண்மையில் உறுத்துவது ஆமை பொருந்தாதது இல்லை. தசாவதாரம் ஏணி. ஒவ்வொரு படியும் ஒரு காரியத்துக்காக, மேலே கல்கி காத்திருக்கிறார். பரிணாமத்தில் படியும் இல்லை, காத்திருக்கிறவரும் இல்லை. கிளை கிளையாகப் பிரிந்துகொண்டே போகும், அவ்வளவுதான். இதைப் பார்க்க, டார்வின் போன காலாபகஸ் தீவுகளுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் ஊர் லாங்வுட் சோலைப் பக்கம் காலையில் நடந்தால் நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை கத்துவது கேட்கும். வயிற்றுப்பக்கம் செம்பழுப்பு. கொடைக்கானல் போய்ப் பாருங்கள், அங்கே பழனிச் சிரிப்பான், மார்பு சாம்பல். நடுவில் பாலக்காட்டுக் கணவாய், முப்பது கிலோமீட்டர் சொச்சம் அகலம். சோலைக் குளிரில் வாழ்கிற பறவை அந்த வெக்கையைத் தாண்டிப் போகாது. பிரிந்து கிடந்தே இரண்டாகிவிட்டன. இதில் எது மேல் படி, எது கீழ்ப் படி? கொடைக்கானல்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

மாணிக்கவாசகர் வரியையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்று தொடங்கும் வரி, எங்கள் வீட்டில் தினம் ஒலிக்கும் சிவபுராணத்தில் வருவது. ஆனால் அந்த வரி எங்கே போய் முடிகிறது? 'எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்'. இளைத்தேன். ஓர் உயிரின் களைப்பு அது, வீடு சேர்ந்தால் போதும் என்ற ஏக்கம். டார்வினிடம் அந்தக் களைப்பு கிடையாது, வீடும் கிடையாது. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டுத்தான் அதைப் பாடப்புத்தகமாக்க முடியும். நான் எடுக்க மாட்டேன்.

பிறப்புக் கதை வேண்டுமென்றால் எங்கள் மலையிலேயே ஒன்று இருக்கிறது. தோடர்கள் சொல்வது. அவர்களுடைய தெய்வம் மண்ணுக்குள்ளிருந்து எருமைகளை வரவழைத்தது. ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவன்தான் முதல் மனிதன். இதையும் பரிணாமம் என்று யாரும் ஃபார்வர்டு போட்டுவிடாதீர்கள். மிருகங்களெல்லாம் வந்து முடிந்த பிறகு, வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் என்று மனிதனை நினைக்க முடிந்த அந்தப் பணிவு எனக்குப் பிடித்திருக்கிறது.

இங்கேதான் புராணத்துக்கும் பரிணாமத்துக்கும் நிஜமான ஒற்றுமை இருக்கிறது என்று நினைக்கிறேன். 1860ல் ஆக்ஸ்போர்டில் ஒரு பிஷப்பும் டார்வின் பக்கம் நின்ற ஹக்ஸ்லியும் மோதிக்கொண்டது, குரங்கு நம் பாட்டனா என்ற அவமானத்தை வைத்து. நான் இத்தனை வருஷம் இந்தப் பாடம் நடத்தியதில் ஒரு பிள்ளையும் அவமானப்பட்டதில்லை. சனிக்கிழமை ஆஞ்சநேயருக்கு வெண்ணெய் சாத்திவிட்டு வருகிறவர்கள்தானே. கடவுளே பன்றியாக வரலாம் என்று நம்பிய வீட்டில், பன்றி நமக்குத் தூரத்துச் சொந்தம் என்றால் யாருக்குக் கோபம் வரும்?

பெரியவர் மார்க்கைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் மாற்றவில்லை. ஆறிய டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பத்து நாள் கழித்து அவருடைய உருளைக்கிழங்குத் தோட்டத்தில் காட்டுப்பன்றிகள் புகுந்துவிட்டன. வழியில் பார்த்தபோது, "வராகம் பூமியைத் தூக்கலைங்க டீச்சர், புரட்டிப் போட்டுட்டுப் போயிருச்சு" என்றார். அன்று ராத்திரி பேரன் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். ஈர மண்ணில் குளம்புத் தடம், முன்னால் இரண்டு பெரிய பிளவு, பின்னால் இரண்டு சின்னக் குழி. பக்கத்தில் அளவுக்கு ஒரு ஸ்கேல் வைத்திருந்தான்.

'மிஸ், திமிங்கிலத்துக்கு இது எப்ப போச்சு?'