ஸ்டிக்கருக்கு ஆமென் சொல்ல என்னால் ஆகாது

குன்னூர் சர்ச் ஒன்றில் பழைய வண்ணக் கண்ணாடி ஜன்னலைக் கழற்றிவிட்டுப் புதிது வைத்து, அந்தப் படத்தை இணையத்தில் போட்டிருக்கிறார்கள். "மகிமையான ஸ்டெயின்டு கிளாஸ்" (வண்ணக் கண்ணாடி) என்று தலைப்பு, கீழே வரிசையாக ஆமென். ஐயா, அது ஸ்டெயின்டு கிளாஸ் இல்லை. வினைல் ஸ்டிக்கர். பஸ் கண்ணாடியில் ஒட்டுவார்களே, அதே சரக்கு. இணையத்தில் இறக்கிய நல்ல மேய்ப்பன் படம். ஈயச் சட்டம் இருப்பதாகக் காட்ட கறுப்புக் கோடும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். அந்தக் கோடுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நிஜமான ஜன்னலில் நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கும். உருக்கும்போதே உலோக ஆக்ஸைடு சேர்ப்பார்கள், நீலத்துக்குக் கோபால்ட். முகம், விரல், துணி மடிப்பு இவற்றை மட்டும் கண்ணாடிப் பொடி கலந்த கறுப்புச் சாயத்தால் வரைந்து, 600 டிகிரிக்கு மேல் சூளையில் சுடுவார்கள். மஞ்சளுக்கு வெள்ளி உப்பு. பிறகு ஒவ்வொரு துண்டையும் ஈயச் சட்டத்தில் கோர்த்து, மூட்டுகளில் பற்று வைத்து, ஆளிவிதை எண்ணெயில் சுண்ணப் பொடி குழைத்து இடுக்கெல்லாம் அடைக்க வேண்டும். காற்றுக்குத் தாங்கக் குறுக்கே கம்பி. கறுப்புக் கோடு வந்தது இப்படி.

நூறு வருஷத்தில் ஈயம் தளரும், ஜன்னல் வயிறு தள்ளும். குறுக்குக் கம்பி இரும்பாக இருந்தால் துருவேறி ஊதி, பதித்த கல்லையே பிளக்கும். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. மேலே தாள் வைத்துத் தேய்த்துப் படி எடுத்து, துண்டுகளுக்கு எண் போட்டுப் பிரித்து, புது ஈயத்தில் கோர்ப்பது. கழற்றி வீசுவது எந்த வைத்தியத்திலும் சேராது.

ஸ்டிக்கர் கதை வேறு. நம் மலைக் குளிரில் ராத்திரி கண்ணாடியின் உள்பக்கம் வியர்க்கும். அந்த நீர் ஓரத்தில் இறங்கிப் பசையை இளக்கும், விளிம்பு சுருளும், நடுவில் கொப்புளம் கிளம்பும். இந்த உயரத்தில் வெயிலில் புற ஊதாக் கதிரும் அதிகம். சாயம் வெளுத்து, மேய்ப்பன் பேயறைந்தவர் மாதிரி நிற்கப் போகிறார். அப்போதும் ஆமென் போடுவீர்களா?

"பணத்துக்கு எங்கே போவது?" நியாயமான கேள்வி. வெறும் கண்ணாடி போடுங்கள். தேயிலைச் சரிவும் மூடுபனியும் தெரியட்டும். அதில் ஒரு பொய்யும் இல்லை.

"கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறார், விதவையின் இரண்டு காசை ஏற்றுக்கொண்டாரே?" ஏற்றுக்கொண்டார். அந்த அம்மா போட்டது செல்லுகிற காசு, தகரத்துக்கு முலாம் பூசிக் கொண்டுவரவில்லை. மல்கியா 1:8-ஐயும் வாசியுங்கள்: ஊனமானதை உன் அதிபதிக்குச் செலுத்திப் பார், பிரியப்படுவானா என்று கேட்கிறது. சொந்த வீட்டு நிலைக்கு மட்டும் தேக்குதான் வேண்டும் நமக்கு.

"வெள்ளைக்காரன் கலைக்கு ஏன் இந்த அழுகை?" ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் உத்திரங்களே ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு அரண்மனையில் பிடுங்கி வந்தவை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் மரம் மரம்தான். சரி, நம் ஆட்களையே எடுங்கள். 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் என்ற கிறிஸ்தவக் காப்பியத்தைத் தந்த கிருஷ்ணப்பிள்ளை கதையை ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனிடம் வாங்கினார், விருத்தத்தைக் கம்பனிடம் கற்றார். வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேமுக்கே குறவஞ்சி பாடினார். பக்திப் பாட்டுதானே, தளை தட்டினால் என்ன என்று அவர்கள் இருக்கவில்லை. இன்று கன்வென்ஷன் மேடையில் முன்பே பதிந்த பாட்டு ஓடுகிறது, வாய் மட்டும் அசைகிறது. அதற்கும் ஆமென்.

இதைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்தது "விமர்சிக்காதே, ஜெபி", "நீ எந்தச் சபை?" இரண்டும்தான். ஜெபிக்கத் தெரியாமலா பேசுகிறேன்? யாத்திராகமம் 31-இல் ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த கைவினைஞன் பெசலெயேலை ஆவியால் நிரப்பியது பிரசங்கம் பண்ணவா? பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்ய. அந்த அதிகாரத்தை யாரும் ஞாயிற்றுக்கிழமை எடுப்பதே இல்லை.

கழற்றிய பழைய ஜன்னல், பாதிரியார் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறைக்குப் பின்னால் கிடக்கிறதாம். படுக்கப் போடாதீர்கள், தூக்கும்போது ஈயம் வளைந்து கண்ணாடி நொறுங்கும். பின்னால் பலகை கொடுத்து நிமிர்த்தி வையுங்கள். ஈயத்தை எடைக்குக் கேட்டு ஆள் வருவார். கமிட்டியில் யாராவது ஒருவராவது முடியாது என்று சொல்லுங்கள்.