மாமாங்கத் தீர்த்தம் ஆடினால் மறுபிறவி இல்லையா?

“ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கத் தீர்த்தத்தில் ஒருமுறை மூழ்கினால் மறுபிறவி இல்லை, சைவ சித்தாந்தமே சொல்கிறது” என்று மட்டக்களப்பு வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. சைவ சமயத்தின் தத்துவமான சித்தாந்தம் அப்படிச் சொல்லவில்லை.

ஆடி அமாவாசை, இறந்த தந்தையை நினைத்து நாம் விரதமிருக்கும் நாள். தீர்த்தம் ஆடுவதும் தர்ப்பணம் செய்வதும் பிதிர்க்கடன். அதன் பெருமையை யாரும் குறைக்க வேண்டாம்; ஈரவேட்டியோடு கும்பிட்டு நிற்கிற பிள்ளையின் மனம் சாதாரணமானதல்ல. ஆனால் அது வேறு, வீடுபேறு வேறு.

உயிரைப் பிறவியில் கட்டி வைப்பவை ஆணவம் (அறிவை மறைக்கும் இருள்), கன்மம் (நல்வினை, தீவினை), மாயை (உடலும் உலகமும் தோன்றும் மூலம்) என்ற மும்மலங்கள், அதாவது மூன்று அழுக்குகள். இன்பம் வந்தாலும் துன்பம் வந்தாலும் மனம் ஒன்றுபோல் நிற்பது இருவினையொப்பு. அந்த மலம் தன் பிடி தளரும் அளவுக்குப் பக்குவப்படுவது மலபரிபாகம். அதன் பிறகே திருவருள் பதிகிறது. அதைச் சத்திநிபாதம் என்பார்கள். சரியை (உடலால் செய்யும் தொண்டு), கிரியை (பூசை), யோகம் (தியானம்), ஞானம் (இறைவனை அறிதல்) என்ற நான்கு படிகளும் இதற்கான பயிற்சிதான். கோயில் கூட்டுவதும் தீர்த்தம் ஆடுவதும் அந்தப் பாதையில் சேரும், சரி. ஆனால் ஒரே முழுக்கில் பாதை முடிந்துவிடாது.

இதை அப்பர் சுவாமிகள் ஐந்தாம் திருமுறையிலேயே பாடிவிட்டார்: “கங்கை ஆடிலென் காவிரி ஆடிலென்” என்று தொடங்கி, “எங்கும் ஈசன் எனாதவர்க்கு இல்லையே” என்று முடிக்கிறார். அவர் தீர்த்தத்தை வேண்டாம் என்னவில்லை. எங்கும் இறைவனைக் காணாதவருக்கு அதனால் பயனில்லை என்கிறார்.

நடக்க முடியாமல் வீட்டில் படுத்திருக்கும் அம்மம்மா இந்தச் செய்தியைப் பார்த்து, “எனக்கு இனி முத்தி இல்லையா?” என்று கலங்கக் கூடாது. படுக்கையில் இருந்தபடியே ஐந்தெழுத்தைச் சொல்லுங்கள், அம்மம்மா. உங்களுக்கும் வழி திறந்தே இருக்கிறது.