பெல் அடித்துவிட்டால் நடைபாதை உங்களுடையது ஆகிவிடுமா?

அந்த வீடியோவை இரண்டு நாளாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். அதனால் மறுபடி விவரிக்கப் போவதில்லை. நடைபாதையில் கைத்தடி ஊன்றிப் போகும் அம்மா, பின்னால் சைக்கிள், பெல் சத்தம், அவர் திரும்புகிறார், விழுகிறார், அவ்வளவுதான். அவர் விழுந்ததைப் பார்த்ததைவிட அதற்குக் கீழே வந்த கருத்துகளைப் படித்தபோதுதான் எனக்கு அதிகம் வலித்தது. "பெல் அடிச்சாரே, ஒதுங்க வேண்டியதுதானே?" "காது சரியா கேக்காதவங்க ஏன் தனியா வெளிய வரணும்?" இப்படி எழுதியவர்களில் பலர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள். என்னைப் போலவே தினமும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். அதனால்தான் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நடைபாதை நடப்பவர்களுடையது. சைக்கிளோடு அதில் போக வேண்டி வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதைச் சொன்னதற்கே நேற்று இரண்டு பேர் என்னைக் கார்க்காரர்களின் ஆள் என்று எழுதிவிட்டார்கள். சரி, விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் பெல். முதுகுக்குப் பின்னால் சட்டென்று ஒரு சத்தம் கேட்டால் யாராக இருந்தாலும் தலை திரும்பும். தலை திரும்பும் பக்கம் தோள் போகும், தோளோடு காலும் அரை அடி நகரும். வலப்பக்கமாகத் தாண்டிவிடலாம் என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்க, அவர் வலப்பக்கமாகவே திரும்பிப் பார்ப்பார். அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான். நீங்கள் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வருகிறீர்கள், அவர் 5 கி.மீ. வேகத்தில் நடக்கிறார் என்றால், இடைவெளி விநாடிக்கு 2.8 மீட்டர் குறைகிறது. 15 மீட்டருக்குப் பின்னாலேயே பெல் அடித்தால் அவருக்கு 5 விநாடி கிடைக்கும். 3 மீட்டரில் அடித்தால் ஒரே விநாடி. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பெல் கேட்கும் நேரத்தில் அவர் செருப்புக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சைக்கிள் நீளம்கூட இல்லை. அந்த பெல்லால் அவரை எச்சரித்திருக்கவே முடியாது. பயமுறுத்தத்தான் முடிந்தது.

ஜப்பானில் நடைபாதையில் சைக்கிள் ஓட்டச் சில இடங்களிலும் சில வயதினருக்கும் அனுமதி உண்டு. அங்கேயும் மெதுவாகத்தான் போக வேண்டும், நடப்பவருக்கு இடைஞ்சல் என்றால் நின்றுவிட வேண்டும். நடப்பவரை விலக்குவதற்காக பெல் அடிப்பதே அங்கே தவறு. அனுமதி கொடுத்த நாட்டிலேயே இப்படி. நாம் அனுமதியே இல்லாத இடத்தில் ஏறிக்கொண்டு, ஒதுங்கவில்லை என்று அந்த அம்மாவைத் திட்டுகிறோம்.

"நான் மெதுவாத்தான் ஓட்டுவேன், பிரேக் என் கையில இருக்கு" என்று ஒருவர் எழுதியிருந்தார். மணிக்கு 15 கி.மீ. சைக்கிள்காரருக்கு மெதுவான வேகம்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்த வேகத்தில் விநாடிக்கு 4 மீட்டருக்கு மேல் போய்விடுகிறோம். ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி. பிடித்த பிறகு நல்ல பிரேக், காய்ந்த தரை என்றால் இன்னும் இரண்டரை மீட்டர். ஆக ஏறத்தாழ 7 மீட்டர். இதுவும் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால்தான். தலைகுப்புற விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பின்பிரேக்கை மட்டும் பிடிப்பவர்கள் பலர். பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் பிடிப்பை இழந்து வழுக்குகிறது, பிரேக் பிடித்த பிறகு நிற்கும் தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. மழை நாளில் ரிம் பிரேக் இன்னும் மோசம். ரிம்மில் இருக்கும் தண்ணீரை ரப்பர் கட்டை வழித்தெடுக்கவே சக்கரம் ஒன்றிரண்டு சுற்று சுற்றியாக வேண்டும். பெரிய சக்கரத்தின் ஒரு சுற்று 2 மீட்டருக்கு மேல். நடைபாதையில் ஒரு கதவு திறந்து ஆள் வெளியே வருவது 7 மீட்டர் தள்ளியா? ஒரு மீட்டரில் வருவார்.

மோதினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வேகம் 4 மடங்கானால் மோதும் ஆற்றல் 16 மடங்காகிறது. 20 கி.மீ. வேகத்தில் வரும் ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால், நடந்து வரும் 70 கிலோ ஆள் இடிப்பதைப் போல 20 மடங்கு. அந்த இடியை வாங்குவது 75 வயது இடுப்பெலும்பு. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிவது மாவுக்கட்டு போட்டு ஆறு வாரத்தில் மறந்துவிடும் விஷயம் கிடையாது. பழையபடி தனியாக நடக்க முடியாமலே போகிறவர்கள் ஏராளம். அதனால்தான் சொல்கிறேன், இறங்கித் தள்ளுங்கள்.

இறங்கிவிட்டால் நீங்களும் நடப்பவர்தான். 1980இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரிக்கோட்டுக் கடவையில் (ஜீப்ரா கிராசிங்) சாலையைக் கடந்த பெண் பாதசாரிதான் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நாட்டில் 1835ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் நடைபாதையில் வண்டி ஓட்டுவதைத் தடுத்தது. 1888இல் சைக்கிளும் வண்டியே என்று சட்டத்தில் எழுதினார்கள். சாலையில் மற்ற வண்டிகளுக்கு இருக்கும் உரிமை சைக்கிளுக்கும் இருக்கிறது என்பதன் வேர் இங்கேதான். வண்டி என்பதால் சாலையில் இடம் கேட்கிறோம். அதே மூச்சில், வண்டி இல்லை என்பது போல நடைபாதையிலும் ஏறினால், நம் உரிமைக்கு நாமே குழி வெட்டுகிறோம்.

பார்வையற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் வெள்ளைக்கோலைத் தோள் அகலத்துக்கு இடமும் வலமும் வீசி, முனையால் தரையைத் தொட்டுத் தொட்டு நடப்பார். முனை எப்போதும் அவர் காலுக்கு ஒரு எட்டு முன்னால் போகும். பக்கவாட்டில் உரசிப்போன ஒரு சைக்கிளின் ஆரக்கால்களுக்குள் அந்தக் கோல் நுழைந்துவிட்டது. மடக்குக் கோல்களில் துண்டுகளை உள்ளே ஒரு ரப்பர் கயிறு பிடித்திருக்கும். அது அறுந்து கோல் துண்டு துண்டாகிவிட்டது. சைக்கிள் போய்விட்டது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார், யாரோ கை பிடித்து அழைத்துப் போகும் வரை. அடி ஒன்றும் இல்லை, ரத்தம் இல்லை, எந்தக் கணக்கிலும் அது விபத்தாக ஏறாது. அதன் பிறகு பல வாரம் அவர் தனியாக வெளியே வரவில்லை. "கார்தானே ஆளைக் கொல்லுது, சைக்கிள் யாரைக் கொன்னுச்சு?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த நண்பர்தான். கார்கள் கொல்வது உண்மை. ஆனால் வெளியே வருவதையே விட்டுவிட்டவர்களை யார் எண்ணுகிறீர்கள்?

அடுத்து, "ரோட்ல ஓட்டினா செத்துப்போவோம்" என்பவர்கள். இந்தப் பயம் பொய் இல்லை. லாரி முழங்கையை உரசிக்கொண்டு போகும்போது உடம்பு நடுங்குவதை ஓட்டுகிற எல்லோரும் அறிவோம். ஆனால் நடைபாதை நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பாதுகாப்பானதும் இல்லை. வீட்டு வாசலிலிருந்து காரைப் பின்னோக்கி எடுப்பவர் நடைபாதையைப் பார்க்கும்போது நடக்கிறவரைத்தான் தேடுகிறார். 2 விநாடியில் நடப்பவர் 3 மீட்டர்கூட வரமாட்டார். நீங்கள் 8 மீட்டர் வந்துவிடுவீர்கள். அவர் பார்த்தபோது காலியாக இருந்த இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரத்துச் சந்திப்புகளில் நடந்த விபத்துகளை ஆராய்ந்து 1994இல் வெளிவந்த ஆய்வு, நடைபாதையிலிருந்து வரும் சைக்கிள்காரருக்கு வண்டி மோதும் ஆபத்து சாலையில் வருபவரைப் போல 1.8 மடங்கு என்று கண்டது. போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் வந்தால் அது இன்னும் கூடியது, அந்தத் திசையில் ஓட்டுநர் பார்ப்பதே இல்லை என்பதால்.

குழந்தைகள்? குழந்தைகளை விடுங்கள், அவர்கள் ஓட்டட்டும். ஜெர்மனியில் 8 வயது வரை நடைபாதையில்தான் ஓட்ட வேண்டும், 10 வயது வரை ஓட்டலாம். கூட வரும் பெரியவரும் ஓட்டலாம், ஆனால் 8 வயதுக்குட்பட்ட குழந்தையோடு வந்தால் மட்டும். சாலையைக் கடக்கும் இடத்தில் குழந்தை இறங்க வேண்டும். சிறிய சக்கரம், சிறிய எடை, குறைந்த வேகம். 80 கிலோ ஆள் 25 கிலோ எலெக்ட்ரிக் சைக்கிளில் வருவதை இதோடு ஒப்பிட்டு ஒருவர் வாதாடுவது எனக்குப் புரியவே இல்லை.

"நடக்கிறவங்க போனைப் பார்த்துக்கிட்டே நடக்குறாங்க." நடக்கட்டும். நடைபாதையில் நடப்பதற்கு உஷாராக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நின்று பேசலாம், குழந்தை குறுக்கே ஓடலாம், வயதானவர் மூச்சு வாங்க நிற்கலாம். சைக்கிள் பாதையில் நடக்கிறார்களே என்றால், அது தவறு, அதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு உண்மையான கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நடைபாதையில் வெள்ளைக் கோடு கிழித்து, ஒரு பக்கம் சைக்கிள் படம், மறுபக்கம் மனிதர் படம் வரைந்து, சைக்கிள் பாதை போட்டாகிவிட்டது என்று அறிவிக்கிறவர்கள் மீது. சைக்கிள் ஓட, இடமும் வலமும் ஆடும் அலைவையும் சேர்த்து ஒரு மீட்டர் வேண்டும். ஊன்றுகோல் இரண்டு வைத்து நடப்பவருக்கு 90 செ.மீ. வெள்ளைக்கோல்காரருக்கு 1.1 மீட்டர். அவரை ஒருவர் கைபிடித்து அழைத்துப் போனால் 1.2 மீட்டர். இரண்டு மீட்டர் நடைபாதையில் மின்கம்பம், குப்பைத்தொட்டி போக மிச்சம் இருப்பதை இவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். பெயிண்ட் கோட்டுக்கு உயரம் கிடையாது. 60 மி.மீ.க்குக் குறைந்த விளிம்பைப் பார்வையற்றவரால் காலாலோ கோலாலோ நம்பிக்கையாகக் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பக்கம் தன்னுடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கோபன்ஹேகனில் சாலை ஒரு மட்டம், சைக்கிள் பாதை அதைவிட ஒரு படி உயரம், நடைபாதை அதற்கும் மேல் இன்னொரு படி. பிரிட்டனின் 2020ஆம் ஆண்டு சைக்கிள் பாதை வடிவமைப்பு வழிகாட்டியே நகரத் தெருக்களில் நடப்பவரையும் சைக்கிளையும் ஒரே பரப்பில் கலக்காதீர்கள் என்கிறது.

அந்த இடத்தைச் சாலையிலிருந்துதான் எடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் ஒரு வரிசைக் கார்களின் அகலம் 2 மீட்டர், ஒரு திசைச் சைக்கிள் பாதைக்கு அது போதும். அதைக் கேட்கத் துணிவில்லாமல், மிஞ்சிய இடத்தில் இரண்டு பலவீனமானவர்களை மோத விட்டார்கள். நாமும் மேலே இருப்பவரிடம் கேட்காமல், நம்மைவிட மெலிந்தவரைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கிறோம். அதை நியாயப்படுத்தி 200 கருத்து எழுதுகிறோம்.

தள்ளிக்கொண்டு போவதிலும் ஒரு முறை இருக்கிறது. சைக்கிளைச் சாலை ஓரப் பக்கம் வைத்து, நீங்கள் உள்பக்கம் நடங்கள். கூட்டம் என்றால் ஒரு கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு சைக்கிளுக்குப் பின்னால் நடக்கலாம், அகலம் குறைந்துவிடும். 100 மீட்டரைக் கடக்க 20 கி.மீ. வேகத்தில் 18 விநாடி, நடந்தால் 72 விநாடி. ஒரு நிமிடம்கூட முழுதாக வித்தியாசம் இல்லை.

வீடியோவின் கடைசிப் பகுதியை யாரும் பகிரவில்லை, வெட்டிவிட்டுத்தான் சுற்றவிடுகிறீர்கள். முழுசாக இருப்பதைத் தேடிப் பாருங்கள். அந்த அம்மா சுவரைப் பிடித்து எழுந்து, கைத்தடியை எடுத்துக்கொண்டு, சைக்கிள்காரரைப் பார்த்துக் கை கூப்புகிறார். "மன்னிச்சுக்கப்பா, தெரியாம திரும்பிட்டேன்" என்கிறார்.