நல்லவனா மாறினதும் நெருப்பு அணைஞ்சு போன கதை

கார்ட்டூன்ல, அனிமேல ஹீரோவுக்கு நல்ல மனசு வந்தா பவர் கூடும்ங்கறது இப்ப ஒரு ஃபார்முலாவாவே ஆகிப்போச்சு. கடைசி சண்டைல அடி வாங்கி கீழ கெடப்பான், கண்ண மூடுவான், கூட்டாளிமார் மொகம் ஒவ்வொண்ணா வந்து போகும், ஒரு வெளிச்சம், அவ்வளவுதான் வில்லன் காலி. எனக்கு இதப் பாத்தா எரிச்சலா வருது. அடுத்தவன் வலிய புரிஞ்சுக்கிறது அவ்வளவு லேசான காரியமா என்ன, அதுக்கு ஒடனே பரிசு வேற குடுக்கிறாங்க.

அந்த வெசயத்துல நான் இன்னைக்கும் தூக்கி வச்சு பேசுறது அவதார் தி லாஸ்ட் ஏர்பெண்டர். நீல கலர் ஆளுங்க வர்ற அவதார் படம் இல்ல, இது 2005லருந்து 2008 வரைக்கும் நிக்கலோடியன்ல போன தொடர், மொத்தம் 61 எபிசோட். அதுல ஆளுங்க நெருப்பு, தண்ணி, மண்ணு, காத்துன்னு ஏதாவது ஒண்ண ஆட்டி வைப்பாங்க, நாலையும் ஆட்டுறவன்தான் அவதார். நெருப்பு நாட்டுல சூகோன்னு ஒரு எளவரசன், அப்பா மொகத்த சுட்டு நாட்ட விட்டே தொரத்திட்டாரு, அந்த ஆத்திரத்துலயே மூணு வருசமா கடல்ல சுத்தி அவதார தேடுறான். அவன் கையில வர்ற நெருப்பு பூராவும் அந்த ஆத்திரம்தான். கடைசில மனசு மாறி, அப்பன எதுத்து நின்னு பேசிட்டு, அவன் தேடின அந்த அவதார், ஆங்கற பையன், அவன் பக்கமே வந்து சேர்றான். நம்ம ஃபார்முலாப்படி இப்ப பவர் டபுள் ஆகணும் இல்லையா? மூணாவது சீசன் 13ஆவது எபிசோட்ல ஆங்குக்கு நெருப்பு சொல்லிக்குடுக்க கைய நீட்டுறான், புஸ்ஸுன்னு ஒரு சின்ன பொறி, அதோட சரி.

அக்கா மகன் இத பாத்துட்டு கேட்டான், அவன் பாக்குறது இஸ்தோப்புல, அதாவது வீட்டு முன் திண்ணைல, ஒரு மூலைல ஒக்காந்து, அங்கதான் சிக்னல் கெடைக்கும், "மாமா, அப்ப கெட்டவனாவே இருந்திருக்கலாமே?"

சரியான கேள்வி! கோவத்த எடுத்துட்டா அந்த எடத்துல என்ன வைக்கிறதுன்னு சூகோவுக்கே தெரியல. அதுக்குத்தான் சூகோவும் ஆங்கும் பழைய சூரிய வீரர்கள் இருக்கிற எடத்துக்குப் போறாங்க, அங்க அணையாத தீ ஒண்ணு இருக்கு, அதுலருந்து ஆளுக்கு கொஞ்சம் உள்ளங்கையில ஏந்திக்கிட்டு மலை ஏறணும். பெருசாக்கினா கட்டுப்பாடு போயிரும், சின்னதாக்கினா அணைஞ்சிரும். மழை நாள்ல நம்ம அம்மாமார் அடுப்பு பத்த வைக்கிறத பாத்தவங்களுக்கு இத வெளக்கவே தேவையில்ல. தேயிலைல கவ்வாத்து வெட்டின மிலாறு நனைஞ்சு கெடக்கும், ஊதாங்குழல வச்சு வேகமா ஊதினா சாம்பல் மூஞ்சில அடிச்சு இருக்கிற கங்கும் போயிரும், பயந்து பயந்து ஊதினா பொகைதான் வரும், தண்ணி கொதிக்காது.

இதுல ஆங்கோட பிரச்சினை வேற. அவன் முதல்ல நெருப்பு பழகினப்ப அவசரப்பட்டு, கூடவே வர்ற தண்ணி ஆட்டுற பொண்ணு கட்டாரா கையை சுட்டுட்டான், அதுலருந்து நெருப்புன்னாலே பயம், அதனால அவன் ஏந்திட்டுப் போறது சின்னதா இருக்கு, மேல போனதும் அணைஞ்சே போகுது. ஒருத்தனுக்கு கோவம் போனதால வரல, இன்னொருத்தனுக்கு அடுத்தவங்கள காயப்படுத்திருவோமோங்கற நெனப்பாலயே வரல. இரக்கம் கூட கைய கட்டிப் போடும்னு காட்டின கார்ட்டூன் எத்தன இருக்கு சொல்லுங்க. ரான், ஷான்னு ரெண்டு டிராகன் அவங்கள சுத்தி கலர் கலரா நெருப்ப ஊதுறப்பதான், நெருப்புன்னா எரிக்கிறது மட்டும் இல்லன்னு ரெண்டு பேருக்கும் வெளங்குது.

இன்னொண்ணு, இந்தத் தொடர்ல பவர்ங்கறது நற்சான்றிதழ் இல்ல. மின்னல் வர வைக்கணும்னா மனசுல கொந்தளிப்பு இருக்கக் கூடாதுன்னு சூகோவோட பெரியப்பா ஐரோ சொல்லுவாரு, சூகோ முயற்சி பண்றப்பெல்லாம் வெடிச்சு பின்னால தூக்கி எறியுது. ஆனா தங்கச்சிக்காரி அசூலா 14 வயசுல சாதாரணமா மின்னல் விடுறா. அவ நல்லவளா? இல்ல, மனசு ஐஸ் மாதிரி இருக்கு, அவ்வளவுதான். அடுத்தவன் மனசுல என்ன ஓடுதுன்னு அவ அளவுக்குப் படிக்கத் தெரிஞ்ச ஆளே அதுல இல்ல, அத வச்சுத்தான் எதிரி நாட்டு தலைநகரம் பா சிங் சேயையே உள்ளருந்து புடிக்கிறா. ஐரோவும் அதே நகரத்த 600 நாள் முற்றுகை போட்டவருதான், மகன அங்கயே பறிகுடுத்தவரு. ஆனா அவரு என்ன பண்றாரு, தண்ணிய ஆட்டுறவங்கள, அதாவது தன் நாட்டு எதிரிகள, ஒக்காந்து கவனிச்சு அவங்ககிட்டருந்து ஒரு வித்தைய உருவாக்குறாரு, வர்ற மின்னல விரல் வழியா உள்ள வாங்கி, நெஞ்சுல படாம வயித்துக்கு எறக்கி, மத்த கையால வெளிய விடுறது. நெருப்பு நாட்டுக்காரன் எவனும் நெனச்சே பாக்காத வித்தை அது.

இதையெல்லாம் நான் இலங்கை மலையகத்துல எங்க ஊர் அண்ணன் ஒருத்தர்கிட்ட சொன்னேன், தோட்டத் தொழிற்சங்க வேலைல ரொம்ப நாளா இருக்கிறவரு. அவரு ஒரே போடா போட்டாரு, "தம்பி, இந்தக் கதையெல்லாம் அடி வாங்கினவன பொத்திக்கிட்டு இருக்கச் சொல்றதுக்கு எடுக்கிறது. நம்மாளுங்க கோவப்படாம இருந்திருந்தா ஆயிரம் ரூவா வந்திருக்குமா?" நியாயம்தான். தோட்டத் தொழிலாளிக்கு நாள் சம்பளமா அந்த ஆயிரம் ரூவாய கேட்டு கேட்டு 2021லதான் வந்திச்சு. 1948ல நம்ம மலையகத் தமிழருக்கு இருந்த குடியுரிமைய புடுங்கினதுக்கு யாரு மேல இரக்கப்படுறது? கோவத்த விட்டுடுன்னு மேடைல பேசுறவன் எவனும் காலைல வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துல நின்னவன் இல்ல.

ஆனா அண்ணே, அதுக்கும் அதுல பதில் இருக்கு. அதே மூணாவது சீசன் 16ஆவது எபிசோட்ல கட்டாரா தன் அம்மாவ கொன்னவன தேடிப் போறா. யான் ராங்கற கெழவன். கொட்டுற மழைய அப்பிடியே நடு வானத்துல நிறுத்தி, ஐஸ் கத்தியாக்கி, அவன் மேல விட்டு, படறதுக்கு கொஞ்சம் முன்னால நிறுத்துறா. அந்த நேரம் அவ பவர் எந்த அளவுல இருக்குன்னு பாருங்க, கோவம் பலத்தக் குடுக்காதுன்னு அந்தத் தொடர் பொய் சொல்லல. கொல்லாம திரும்புறா, ஆனா மன்னிக்கவும் இல்ல, "அவன நான் ஒருநாளும் மன்னிக்க மாட்டேன்"னு தெளிவா சொல்லிட்டு, கூட வந்த சூகோவத்தான் மன்னிக்கிறா. கோவத்த என்ன செய்யணும்னு அவளே முடிவு பண்றா, ஆங் சொன்னான்னு இல்ல. அண்ணனுக்கு இதத்தான் சொன்னேன், "பாப்போம்"ன்னாரு.

ஜப்பான் டைரக்டர் மியாசாகியோட அனிமே படம் கிகிஸ் டெலிவரி சர்வீஸ், 1989, அதுலயும் இப்பிடித்தான். சின்ன சூனியக்காரி புது ஊருக்கு தனியா பொழைக்க வர்றா, பறக்கிற சக்தி போகுது, கூட்டாளிப் பையனக் காப்பாத்துற அவசரத்துல தெருவுல ஒருத்தர்கிட்ட வாங்கின பிரஷ்ல ஏறி திரும்பப் பறக்கிறா. ஆனா ஜப்பான் மூலத்துல அவ பூனை பேசுறது கடைசி வரைக்கும் அவளுக்கு திரும்பக் கேக்கவே இல்ல. பள்ளிக்கூடம் விட்டதும் கொழும்புக்கு கடை வேலைக்குப் போன நம்ம புள்ளைங்க இந்தப் படத்த ஒருக்கா பாக்கணும்.

சரி, அவதார தலைல தூக்கி வச்சு ஆடுறேன்னு நெனைக்க வேணாம், எனக்கு ஒரு வயித்தெரிச்சல் உண்டு. இவ்வளவு ஒழுங்கா கொண்டு வந்துட்டு கடைசில ஆங்குக்கு மட்டும் குறுக்கு வழி. கட்டாரா மேல இருக்கிற பற்ற விட்டாத்தான், அவதாரோட முழு பவருக்கு வழி விடுற, ஒடம்புக்குள்ள இருக்கிற கடைசிச் சக்கரம் தொறக்கும்னு ஒரு குரு ரெண்டாவது சீசன்ல அவன படாத பாடு படுத்துறாரு, பாக்குற நமக்கே மனசு கனத்துப் போகுது, கடைசிச் சண்டைல பாத்தா முதுகுல இருந்த பழைய காயத்துல ஒரு பாறை இடிக்குது, அடைச்சு கெடந்தது தொறந்துக்கிது! சூகோவோட அப்பன கொல்லாம எப்பிடி ஜெயிக்கிறதுங்கற கேள்விக்கும் அவன் தேடி கண்டுபுடிச்ச பதில் இல்ல, எங்கருந்தோ வந்த லயன் டர்டில்ங்கற ராட்சச ஆமை குடுத்த பதில். சூகோவ மூணு சீசனா வாட்டி எடுத்தவங்க ஹீரோ கிட்ட மட்டும் ஏன் இவ்வளவு தாராளமா நடந்துக்கிட்டாங்கன்னு இன்னும் எனக்கு சமாதானம் ஆகல, யாருக்காவது அந்தப் பாறைக்கு நல்ல நியாயம் தோணினா வாங்க பேசலாம்.