யாருக்கு நன்றி சொல்வது?

மேற்கு வானம் சிவந்து கிடக்கும்போது, அதைப் பார்த்து நிற்கிறவர் வாயில் பெரும்பாலும் வருவது "கடவுளே" என்ற ஒற்றைச் சொல்தான். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எதற்கும் போகாதவர்கள்கூட அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெறும் பழக்கத்தில் வருகிற சொல்லாக அது எனக்குப் படவில்லை. மனதில் நன்றி என்று ஒன்று எழுந்துவிட்டால், அது யாரிடமாவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். மேகத்திடம் நன்றி சொல்லி என்ன ஆகப்போகிறது? கொடுத்தவரைத் தேடித்தான் அது போகிறது.

இதைச் சொன்னதும் ஒரு கேள்வி வரும். "அது ஒளிச்சிதறல். இதில் கடவுள் எங்கே வந்தார்?"

சரி, ஒளிச்சிதறல்தான். சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி, உச்சிவேளையைவிடப் பல மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டியிருக்கிறது. நீலம் வழியிலேயே சிதறிவிட, மிஞ்சிய சிவப்பும் ஆரஞ்சும் நம் கண்ணுக்கு வந்து சேர்கின்றன. பின்னாளில் ராலே பிரபு என்று அறியப்பட்ட இயற்பியலாளர் இந்தச் சிதறலை 1871-லேயே கணக்குப்போட்டு விளக்கிவிட்டார். அதைப் படித்த பிறகும் அந்தச் சிவப்பு எனக்கு ஒரு துளியும் குறையவில்லை. கடிதம் எந்த மையில் எழுதப்பட்டது என்று தெரிந்துவிட்டதால், எழுதியவர் இல்லாமல் போய்விடுவாரா?

தண்ணீரைப் பாருங்கள். பெரும்பாலான திரவங்கள் உறைந்தால் கனத்து அடியில் போய்விடும். தண்ணீர் அப்படிச் செய்வதில்லை. 4 டிகிரி செல்சியஸ் வரை குளிரக் குளிர அடர்த்தி கூடும், அதற்குக் கீழே போனால் விரிந்து லேசாகிவிடும். அதனால்தான் குளிர்நாடுகளில் ஏரி மேலிருந்து உறைகிறது. மேலே பனிக்கட்டி மூடிக்கிடக்க, அடியில் மீன்கள் குளிர்காலம் முழுதும் உயிரோடு இருக்கின்றன. நீர் மூலக்கூறுகள் உறையும்போது இடைவெளி விட்டு அடுக்கிக்கொள்வதுதான் காரணம். அந்தக் காரணத்தைப் படித்தபோது எனக்குக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது.

என்னை இன்னும் அதிகமாக அசைத்தவை டயாட்டங்கள். கடலிலும் குளத்திலும் வாழும் ஒற்றைச் செல் பாசிகள். வெறுங்கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர், கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவால் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்கிறது. ஒன்று வட்டம், ஒன்று முக்கோணம், இன்னொன்று நட்சத்திரம். ஒவ்வொன்றிலும் வரிசை பிசகாத துளைகள். ஓடு காவலுக்கு, துளை சத்து உள்ளே வர. அதெல்லாம் புரிகிறது. ஆனால் இவை 10 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இப்படி வாழ்கின்றன, மனிதன் கையில் நுண்ணோக்கி வந்து ஏறக்குறைய 400 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதுவரை யார் பார்க்க இத்தனை நேர்த்தி? நம் கண்ணை நம்பி இந்த அழகு உண்டாகவில்லை என்று தெரியும்போது, வேறொரு கண் அதை முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று என் மனம் சொல்கிறது. அப்புறம், பூமியில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் ஆக்ஸிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றின் உழைப்பு என்று கணக்கிடுகிறார்கள். நாம் பெயர்கூடக் கேட்டிராதவர்கள் தந்த மூச்சு.

அமெரிக்காவில் வில்சன் பென்ட்லி என்றொரு விவசாயி இருந்தார். 1885-ல் நுண்ணோக்கியையும் கேமராவையும் இணைத்து ஒரு பனித்துகளைப் படம் பிடித்தார். 1931-ல் சாகும்வரை 5,000-க்கும் மேற்பட்ட படங்கள். சற்றே தாமதித்தால் உருகிக் காணாமல் போகிற ஒன்றுக்காக ஒருவர் வாழ்நாளையே கொடுத்ததை நான் வழிபாடு என்றுதான் சொல்வேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு 2004 ஆழிப்பேரலையைப் பேசாமல் போனால் அது நேர்மை ஆகாது. நாம் கரையில் நின்று ரசிக்கிற கடல்தான் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் "எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும்" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. பூவின் அழகைக் காட்டி யார் வாயையும் அடைக்கக் கூடாது. இயற்கையைக் கடவுள் என்று நான் சொல்லவில்லை, அவர் கைவேலை என்கிறேன். அந்தக் கைவேலை ஏன் இப்படி அடிக்கிறது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அதையும் அவரிடமேதான் கேட்கிறேன். நன்றி சொல்கிற இடத்தில் முறையிடவும் எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

கடைசியாக ஒரு ஆதங்கம். ஆற்றங்கரையில் நின்று இறைவனைப் புகழ்ந்துவிட்டு, கிளம்பும்போது பிளாஸ்டிக் பாட்டிலை அங்கேயே வீசிவிட்டுப் போகிறவரின் நன்றியை என்னால் நம்ப முடியவில்லை. எந்த மதத்துத் திருவிழாவானாலும் சரி, முடிந்த மறுநாள் நீர்நிலை கிடக்கிற கோலத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அந்தக் குப்பையை அள்ளி முடித்தால்தான் வழிபாடு நிறைவு என்று ஒவ்வொரு வழிபாட்டுத் தலத்திலும் அறிவிக்கலாமே.