மூன்றாம் பிறையும் ஸ்ரீதேவியின் தேசிய விருதும்

'மூன்றாம் பிறை'க்காகக் கமல்ஹாசனுடன் ஸ்ரீதேவியும் தேசிய விருது பெற்றார் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்தும் வருகிறார்கள். அன்புகூர்ந்து ஒரு திருத்தம். 1982ஆம் ஆண்டுப் படங்களுக்கான 30ஆவது தேசிய விருதுகளில் அப்படத்துக்காகக் கமல்ஹாசன் சிறந்த நடிகராகவும், பாலு மகேந்திரா சிறந்த ஒளிப்பதிவாளராகவும் தேர்வு பெற்றார்கள். சிறந்த நடிகை விருது 'அர்த்' என்ற இந்திப் படத்துக்காக ஷபானா ஆஸ்மிக்குச் சென்றது. 'மூன்றாம் பிறை'யின் ரயில் நிலையக் கடைசிக் காட்சியில், எதிரே தவிப்பவரை யாரென்றே அறியாமல் பார்க்கும் ஸ்ரீதேவியின் அந்த முகத்தை மறக்காதவர்களுக்கு இது வருத்தம் தரலாம், எனக்கும்தான். ஸ்ரீதேவிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது 'மாம்' படத்துக்காக, அவர் மறைந்து சில வாரங்களுக்குப் பின், 2018 ஏப்ரலில்தான் அறிவிக்கப்பட்டது. மே மாத விழாவில் கணவரும் மகள்களும் அதைப் பெற்றுக்கொண்டார்கள்.

சரிபார்க்க விரும்புவோர், தேசிய விருதுகளுக்காக ஆண்டுதோறும் வெளியிடப்படும் அதிகாரப்பூர்வ விருதுக் கையேடுகளில் 30ஆவதையும், 'மாம்' விருது பெற்ற 65ஆவதையும் எடுத்து, சிறந்த நடிகை என்ற பகுதியை மட்டும் பார்த்தால் போதும். விழா நடந்த ஆண்டை வைத்துத் தேடினால் குழப்பம் வரும். விருதின் வரிசை எண்ணைக் கொண்டு தேடுவதே நல்லது.